வளாகம் இல்லாத படிப்பில் அறிமுகங்கள் எப்படி வளரும்?

2022 செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு விளக்கம் வெளியிட்டது. அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தில் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ படித்துப் பெறும் பட்டம், வகுப்பறைக்குப் போய்ப் பெறும் பட்டத்துக்குச் சமம் என்பதே அதன் சாரம். 2020-இல் வந்த விதிமுறைகளை ஒட்டிய விளக்கம் அது. வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ., எம்.சி.ஏ., எம்.எஸ்சி. என்று படிப்பவர்களுக்குச் சான்றிதழ் பற்றிய பயம் அதனால் ஓரளவு தீர்ந்தது. தீராத கவலை இன்னொன்று இருக்கிறது. இரண்டு ஆண்டு படித்து முடித்த பிறகும், தன் துறையில் தன்னைப் பெயர் சொல்லி அறிந்தவர் என்று ஐந்து பேரைக்கூடச் சொல்ல முடியவில்லையே என்ற கவலை.

அது நியாயமான கவலை. முதுநிலைப் படிப்பின் பயனில் ஒரு பங்கு பாடத்தில் இருக்கிறது என்றால், இன்னொரு பங்கு கூடப் படித்தவர்களிடம் இருக்கிறது. எந்த நிறுவனத்தில் ஆள் எடுக்கப் போகிறார்கள், எந்தப் பேராசிரியர் ஆய்வு மாணவரைத் தேடுகிறார், யாரிடம் வேலைக்குச் சேர்ந்தால் தொழில் கற்றுக்கொள்ளலாம் என்பதெல்லாம் அறிவிப்பாக வருவதற்கு முன்பே பேச்சில் வந்துவிடும். அந்தப் பேச்சு காதில் விழும் இடத்தில் ஆன்லைன் மாணவர் இல்லை.

லிங்க்டுஇன்னில் கணக்குத் திற, தினமும் பத்துப் பேருக்கு அழைப்பு அனுப்பு, வாரம் ஒரு பதிவு போடு என்பதுதான் அவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனை. அது பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்யச் சொல்கிறது என்பது என் கருத்து. தொழிலில் கைகொடுக்கும் அறிமுகத்தை யாரும் நேரடியாகத் தேடிச் சேர்ப்பதில்லை. ஏதோ ஒரு வேலையைச் சேர்ந்து செய்கிறார்கள். அறிமுகம் அந்த வேலையின் பக்கத்தில் முளைக்கிறது. வளாகத்தில் அப்படிச் சேர்ந்து செய்யும் வேலை தானாக அமைந்துவிடுகிறது. ஆன்லைனில் அதை அமைத்துக்கொள்ள வேண்டும். எப்படி அமைப்பது என்று பேசுவதற்கு முன், வளாகம் என்ன செய்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்காவின் எம்.ஐ.டி., திருமணமான மாணவர்களுக்காக வெஸ்ட்கேட் என்ற குடியிருப்பை நடத்தியது. அங்கே யார் யாரோடு நட்பாகிறார்கள் என்று லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பாக் ஆகிய மூவர் ஆராய்ந்து 1950-இல் நூலாக வெளியிட்டார்கள். ஒரே மாடியில் அடுத்தடுத்த கதவுகளில் இருந்தவர்களில் 41 சதவீதம் பேர் ஒருவரையொருவர் நெருக்கமானவராகக் குறிப்பிட்டார்கள். மாடியின் இரு கோடிகளில் இருந்தவர்களிடம் அது 10 சதவீதமாக இறங்கியது. இடையில் இருந்ததோ சில பத்து அடி தூரம்தான். அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. கீழ்த்தளத்தில் படிக்கட்டின் அருகே இருந்த வீட்டுக்காரர்களுக்கு மேல்மாடியில் கூடுதல் நண்பர்கள் கிடைத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடக் கலகலப்பானவர்கள் என்பதால் அல்ல. மேலே ஏறுபவரும் இறங்குபவரும் அவர்கள் வாசலைக் கடந்தே போக வேண்டியிருந்தது.

கல்லூரி வளாகம் செய்வதும் இதைத்தான். ஆய்வகத்தில் ஒரே கருவிக்காகக் காத்திருப்பது, ஜெராக்ஸ் கடையில் ஒரே குறிப்பேட்டைப் பகிர்வது, டீக்கடையில் நேற்றைய வகுப்பைப் பற்றிப் புலம்புவது என்று திட்டமிடாத சந்திப்புகள் நூற்றுக்கணக்கில் நடக்கின்றன. ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் அற்பம். ஆனால் இவற்றின் வழியாகத்தான் ஒருவருடைய பேச்சும், பொறுப்பும், எதில் கெட்டி எதில் பலவீனம் என்பதும் மற்றவருக்குப் பிடிபடுகின்றன. ஆன்லைன் படிப்பு பாடத்தை முழுதாகக் கொண்டுவந்து தந்துவிடுகிறது. இந்தச் சந்திப்புகளை அது கொண்டுவருவதில்லை. பதிவு செய்த காணொளியைத் தனியே பார்த்துவிட்டு, அசைன்மென்ட்டைத் தனியே பதிவேற்றிவிட்டு, தேர்வைத் தனியே எழுதிவிட்டு ஒருவர் பட்டம் வாங்கிவிடலாம். வழியில் யார் வாசலையும் அவர் கடக்கவில்லை.

சரி, வேலைக்கு உதவுவது எந்த மாதிரியான அறிமுகம்? இதில் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. உயிர் நண்பர்கள் இருந்தால்தான் நடக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். பெரிய மனிதர் ஒருவர் தெரிந்தால் போதும் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் நகரில், அண்மையில் வேலை மாறியவர்களிடம் விசாரித்தார். தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், சொன்னவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் சுமார் 17 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் சுமார் 56 சதவீதம். அரிதாக என்றவர்கள் சுமார் 28 சதவீதம். பழைய வகுப்புத் தோழர், முன்பு ஒரே அலுவலகத்தில் இருந்தவர், எங்கோ ஒரு கூட்டத்தில் பேசியவர் என்று போயிற்று பட்டியல். 1973-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை சமூகவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவற்றில் ஒன்று. அவர் சொன்ன காரணம் எளியது. நம்மோடு நெருங்கியிருப்பவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். சற்றுத் தள்ளி இருப்பவர் வேறு வட்டத்தில் புழங்குகிறார். அதனால் அவரிடம் புதிய செய்தி இருக்கிறது.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு இந்தக் கருத்து பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. யாரையெல்லாம் அறிமுகப்படுத்துவது என்று லிங்க்டுஇன் காட்டும் பரிந்துரைகளை மாற்றி மாற்றி வைத்து, ஐந்து ஆண்டுகளில் சுமார் 2 கோடிப் பேரின் தரவுகளை ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2022-இல் சயின்ஸ் இதழில் வந்தன. (பயனர்களுக்குச் சொல்லாமல் இப்படிச் சோதிக்கலாமா என்ற கேள்வியும் கூடவே எழுந்தது, அது நியாயமான கேள்வி.) நெருக்கமான உறவைவிடத் தளர்வான உறவே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியது என்று சோதனை உறுதிசெய்தது. ஆனால் கிரானோவெட்டர் சொல்லாத ஒரு நுணுக்கமும் வெளிப்பட்டது. மிகமிகத் தளர்வான உறவுகள், அதாவது இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தவர் என்று எவருமே இல்லாத அறிமுகங்கள், அவ்வளவாகப் பயன்படவில்லை. ஓரளவு தள்ளியும் ஓரளவு பொதுவட்டத்திலும் இருப்பவர்களே அதிகம் உதவினார்கள்.

ஆன்லைன் மாணவர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். முன்பின் தெரியாத ஐந்நூறு பேருக்கு அழைப்பு அனுப்புவது வீண் முயற்சி. அந்த உறவு அளவுக்கு மீறித் தளர்வானது. ஒரே பல்கலைக்கழகம், ஒரே பாடம், ஒரே ஆசிரியர், ஒரே தேர்வுப் பயம் என்று பொதுவாகப் பல இருந்தும் வேறு ஊரில், வேறு நிறுவனத்தில், வேறு வட்டத்தில் இருக்கும் ஒருவரே சரியான தூரத்தில் இருப்பவர். அப்படிப்பட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள்? அதே வகுப்பின் பெயர்ப்பட்டியலில் இருக்கிறார்கள்.

கூடப் படிப்பவர்களை ஆன்லைன் மாணவர்கள் மிகக் குறைவாக மதிப்பிடுகிறார்கள். வளாகத்தில் முதுநிலை படிப்பவர்களில் பெரும்பாலோர் இளநிலை முடித்துவிட்டு நேரே வந்தவர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை தேடுவார்கள். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடமும் இருக்காது. ஆன்லைன் வகுப்பு அப்படி அல்ல. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நிறுவனம் 2014 ஜனவரியில் தொடங்கிய ஆன்லைன் கணினி அறிவியல் முதுநிலைப் படிப்பைப் பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தபோது, வளாகப் படிப்புக்கு விண்ணப்பித்தவர்களின் சராசரி வயது 24 என்றும் ஆன்லைன் படிப்புக்கு விண்ணப்பித்தவர்களின் சராசரி வயது 34 என்றும் தெரிந்தது. அந்தப் பத்தாண்டு வித்தியாசத்தின் பொருள், ஆன்லைன்காரர்கள் ஏற்கெனவே ஏதோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான். நம் ஊர்ப் படிப்புகளிலும் இதே நிலைதான். ஒரே வகுப்பில் ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் இருக்கும் பொறியாளர் இருப்பார். சென்னையில் வங்கி மென்பொருள் எழுதுபவர் இருப்பார். தேனியில் பள்ளி ஆசிரியை இருப்பார். துபாயில் கட்டுமானக் கணக்கு பார்ப்பவர் இருப்பார். எந்த வளாகமும் இருபத்து மூன்று வயதில் இந்த வகுப்பைத் தர முடியாது. ஆனால் திரையில் ஒரு பெயராகவோ அணைத்து வைத்த கேமராவாகவோ மட்டும் தெரிவதால் இது கண்ணில் படுவதில்லை.

கண்ணில் படுவதற்கு முதல் வழி, வெஸ்ட்கேட் ஆய்வில் வந்த படிக்கட்டைப் போல எல்லோரும் கடந்துபோகும் ஓர் இடத்தில் இருப்பது. ஒவ்வொரு ஆன்லைன் படிப்பிலும் அப்படி ஓர் இடம் உண்டு. அதிகாரபூர்வமான விவாதப் பக்கமாக இருக்கலாம். ஸ்லாக்காகவோ டிஸ்கார்டாகவோ இருக்கலாம். நம் ஊரில் பெரும்பாலும் வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் குழு. அங்கே எவ்வளவு போக்குவரத்து இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். ஜார்ஜியா டெக்கில் அசோக் கோயல் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் சுமார் 300 பேர் சேர்ந்து ஒரு பருவத்தில் ஏறத்தாழ 10,000 செய்திகள் இட்டார்கள். பதில் சொல்லி மாளாமல்தான் அவர் குழுவினர் 2016-இல் ஜில் வாட்சன் என்ற மென்பொருள் உதவியாளரை உருவாக்கி, மாணவர்களுக்குப் பதில் சொல்ல விட்டார்கள். அதில் நான் கவனிப்பது வேறு. அத்தனை கேள்விகள் வந்தன என்றால், பதில் சொல்லத் தயாராக இருக்கும் ஒரு மாணவருக்கு அத்தனை வாய்ப்புகள் வந்தன என்று பொருள்.

வாரத்தில் இரண்டு கேள்விக்குப் பொறுமையாகப் பதில் எழுதுங்கள். உங்களுக்குப் புரிந்ததை மட்டும் எழுதினால் போதும். வாரப் பாடத்தின் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதிப் பகிரலாம். கெடு தேதிகளை ஒரே தாளில் தொகுத்துப் போடலாம். கேட்பதிலும் முறை உண்டு. "மூணாவது கணக்கு புரியலை, யாராவது சொல்லுங்க" என்பதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். எதுவரை செய்து பார்த்தேன், என்ன விடை எதிர்பார்த்தேன், என்ன விடை வந்தது என்று எழுதினால், பதில் வருவது மட்டுமல்ல, இவர் யோசித்துக் கேட்கிறார் என்று நாலு பேர் மனத்தில் பதியும். ஒரு பருவம் இப்படி நடந்துகொண்டால், முகம் தெரியாமலேயே உங்கள் பெயருக்கு ஒரு மதிப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு லிங்க்டுஇன்னில் அழைப்பு அனுப்பினால் அது வேறு கதை. "கடந்த பருவம் புள்ளியியல் பாடத்தில் உங்களுடைய மாதிரியெடுப்பு விளக்கம் எனக்கு மிகவும் உதவியது" என்ற ஒரு வரியோடு வரும் அழைப்பை மறுப்பவர் அரிது.

ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். விடைத்தாளைப் பரிமாறிக்கொள்ளும் ரகசியக் குழுக்கள் பல படிப்புகளில் இயங்குகின்றன. அங்கேயும் நட்பு உண்டாகும். அந்த நட்பு பிற்பாடு உதவாது. உங்களிடம் விடை வாங்கியவருக்கோ, உங்களுக்கு விடை கொடுத்தவருக்கோ, உங்கள் வேலையைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இருக்காது. அதேபோல, செய்து முடித்த அசைன்மென்ட்டை அப்படியே கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் எல்லோருக்கும் தெரியும்படி வைப்பதும் பல கல்வி நிறுவனங்களில் விதிமீறல். பாடத்தில் கற்றதை வைத்துச் சொந்தமாக ஒன்றைச் செய்து அதை வையுங்கள்.

இரண்டாவது வழி சிறு குழு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜார்ஜியா டெக்கின் டேவிட் ஜாய்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2020-இல் அதைத் தெளிவாக எடுத்துக் காட்டினார்கள். ஆன்லைன் மாணவர்கள் அந்தப் படிப்பைத் தேர்ந்தெடுப்பதே தங்களுக்கு வசதியான நேரத்தில் படிக்கலாம் என்பதற்காக. அதே மாணவர்கள், மற்றவர்களோடு நெருக்கமே இல்லையே என்று வருந்துகிறார்கள். நெருக்கம் வருவதற்கோ ஒரே நேரத்தில் சேர்ந்திருக்க வேண்டும். எதற்காக இங்கே வந்தார்களோ, அதுவே அவர்கள் தேடும் இன்னொன்றுக்குத் தடையாக நிற்கிறது.

இதற்கு முழுத் தீர்வு இல்லை. நடைமுறைக்கு ஒத்துவரும் ஒன்று உண்டு. நான்கு பேர், வாரத்தில் ஒரு மணி நேரம், மாறாத நாள். ஞாயிறு இரவு எட்டு மணி என்றால் எட்டு மணி. எல்லோரும் சேர்ந்து பாடம் படிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. இந்த வாரம் யார் எங்கே மாட்டிக்கொண்டார்கள் என்று பேசினால் போதும். நான்கு பேருக்கு மேல் போனால் இருவர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டே பேர் என்றால் ஒருவருக்கு ஷிஃப்ட் மாறிய வாரம் குழு நின்றுவிடும். முக்கியமான விஷயம், பருவம் முடிந்ததும் குழுவைக் கலைத்துவிடாமல் அடுத்த பருவத்துக்கும் கொண்டுபோவது. பல ஆன்லைன் படிப்புகளில் ஒவ்வொரு பருவமும் வேறு வேறு கூட்டம். ஒரே ஆட்கள் தொடர்ந்து வருவது அங்கே தானாக நடக்காது.

குழுவாகச் செய்யும் புராஜெக்ட்டைப் பெரும்பாலோர் வெறுக்கிறார்கள். ஒருவர் காணாமல் போவார், ஒருவர் கடைசி இரவில் வருவார், ஒருவர் தலையில் எல்லாச் சுமையும் விழும். இந்த வெறுப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும், தேர்ந்தெடுக்க முடிந்தால் குழு புராஜெக்ட் உள்ள பாடத்தையே எடுங்கள் என்பேன். காரணம், ஒருவரோடு வேலை செய்தால் எப்படி இருக்கும் என்பதற்குச் சான்று கிடைக்கும் இடம் ஆன்லைன் படிப்பில் அது ஒன்றுதான். நிறுவனங்களில் ரெஃபரல் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். உள்ளே இருப்பவர் உங்கள் ரெஸ்யூமேயை மேலே அனுப்பும்போது, இவரை எப்படித் தெரியும், என்ன வேலை செய்து பார்த்திருக்கிறீர்கள் என்ற கேள்வி அவருக்கு வரும். படிவத்தில் வராவிட்டாலும் மேலாளர் வாயிலிருந்து வரும். "லிங்க்டுஇன்ல தெரியும்" என்பதற்கும், "நாலு மாசம் ஒரே புராஜெக்ட்ல இருந்தோம், தரவைச் சுத்தம் பண்ற வேலை முழுக்க இவங்கதான் எடுத்துக்கிட்டாங்க, ஒரு கெடுவும் தவறலை" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எந்த மேலாளரும் உடனே உணர்வார். அதனால் புராஜெக்ட் முடிந்த வாரத்தில், சேர்ந்து வேலை செய்த ஒவ்வொருவருக்கும் அவர் செய்த நல்ல காரியத்தைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து ஓர் உதவி கேட்க வேண்டி வந்தால் கூச்சம் இருக்காது.

பார்க்காமலே சேர்ந்து வேலை செய்வது தமிழர்களுக்குப் புதிதும் அல்ல. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்திய முயற்சி அது. பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி எல்லோருக்கும் இலவசமாகத் தருவது நோக்கம். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்களில் ஒருவர் தட்டச்சு செய்ய, இன்னொருவர் பிழை திருத்த, மின்னஞ்சல் வழியாகவே நூல்கள் உருவாயின. இப்படிப்பட்ட வேலையில் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள நேரில் பார்க்க வேண்டியதில்லை. அவர் அனுப்பும் பக்கங்களில் பிழை எவ்வளவு, சொன்ன நாளில் அனுப்புகிறாரா, தவறைச் சுட்டினால் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதே அவரைக் காட்டிவிடும். எம்.சி.ஏ. படிப்பவர் கட்டற்ற மென்பொருள் ஒன்றில் பிழை திருத்தலாம். தமிழ் இலக்கியமோ வரலாறோ படிப்பவர் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைகளைச் செம்மையாக்கலாம். படிப்போடு ஒட்டிய பொது வேலை ஒன்றில் கை வைப்பவருக்கு வகுப்புக்கு வெளியிலும் ஒரு வட்டம் உருவாகிறது.

ஆசிரியர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முனைவர் பட்டத்துக்கோ வெளிநாட்டுப் படிப்புக்கோ விண்ணப்பிக்கும் நாளில் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும். மதிப்பெண்ணை மட்டும் பார்த்த ஆசிரியர் எழுதும் கடிதத்தில் மதிப்பெண்ணைத் தவிர ஒன்றும் இருக்காது. விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு அது ஏற்கெனவே தெரியும். ஆகவே ஆசிரியர் உங்களை அறிய வேண்டும். பெரும்பாலான ஆன்லைன் படிப்புகளில் ஆசிரியரோ உதவி ஆசிரியரோ வாரம் ஒரு முறை நேரலையில் சந்தேகம் தீர்க்க வருவார்கள். ஆயிரம் பேர் சேர்ந்த பாடத்திலும் அந்த நேரத்துக்கு வருபவர்கள் கொஞ்சம் பேர்தான். அங்கே தொடர்ந்து போவதே பாதி வேலையை முடித்துவிடும். மீதிப் பாதிக்கு, பாடத்தை உங்கள் வேலையோடு சேர்த்து ஒரு கேள்வி எழுதி அனுப்புங்கள். திருப்பூர்ப் பக்கம் நூற்பாலையில் வேலை பார்த்துக்கொண்டு பகுப்பாய்வு படிக்கும் ஒருவர் இப்படி எழுதலாம்:

"ஐயா, இந்தப் பருவம் தங்கள் பாடத்தில் படிக்கிறேன். ஆறாம் வாரத்தில் சொன்ன கணிப்பு முறையை, நான் வேலை பார்க்கும் ஆலையின் நூல் விற்பனைக்குப் போட்டுப் பார்த்தேன். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் கணிப்பு மிகவும் தவறுகிறது. பண்டிகைக் காலத்துக்கு மட்டும் தனியாகத் திருத்தம் போட்டால் போதுமா, முறையையே மாற்ற வேண்டுமா? கணக்கை ஒரு பக்கத்தில் இணைத்திருக்கிறேன்."

இந்தக் கடிதத்தில் புகழ்ச்சி இல்லை, தன் வரலாறு இல்லை, வேலை வாங்கித் தரும்படி வேண்டுகோளும் இல்லை. ஆசிரியருக்குச் சுவையான ஒரு சிக்கல் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லவும் முடியும். (நிறுவனத்தின் உண்மையான எண்களை வெளியே அனுப்ப அனுமதி வேண்டும். அளவை மாற்றியோ மாதிரித் தரவாகவோ அனுப்புவது பாதுகாப்பானது.) பதில் வந்தால், அவர் சொன்னதைச் செய்து பார்த்து, என்ன ஆயிற்று என்று இரண்டு வாரத்தில் எழுத வேண்டும். பெரும்பாலோர் நன்றி சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள். அந்த இரண்டாவது கடிதம்தான் ஆசிரியர் மனத்தில் உங்களைத் தனியாக நிறுத்தும்.

ஆன்லைனில் படிப்பவர்கள் தூரத்தில் இருப்பவர்களையே தேடிக்கொண்டு, பக்கத்து மேசையை மறந்துவிடுவதும் உண்டு. வேலை பார்ப்பவர்களுக்காக பிட்ஸ் பிலானி நடத்தும் படிப்புகளில் சேர்பவர், தன் நிறுவனத்தின் ஒப்புதலோடு, அங்கேயே ஒரு மூத்தவரை வழிகாட்டியாகக் காட்ட வேண்டும். மிக நல்ல ஏற்பாடு. உங்கள் பல்கலைக்கழகம் கேட்காவிட்டாலும் நீங்களே ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம். உங்கள் நேரடி மேலாளராக இல்லாமல், வேறு பிரிவில் இருக்கும் மூத்தவர் என்றால் இன்னும் நல்லது. மாதம் ஒரு முறை, "இந்த மாசம் இதைப் படிச்சேன் சார், நம்ம பிரிவில இது எங்கே பயன்படும்?" என்று கேளுங்கள். பல அலுவலகங்களில் நாம் படிப்பதையே மறைத்து வைக்கிறோம். வேறு வேலைக்குப் போகப் போகிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் அதற்குக் காரணம். சில இடங்களில் அந்தப் பயம் உண்மையானது என்பதையும் மறுக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் இதை வற்புறுத்த மாட்டேன்.

பெண்கள் பலர் இந்தக் குழுக்களில் பேசாமல் இருப்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் உறுப்பினர் எல்லோருக்கும் தொலைபேசி எண் தெரிந்துவிடும். முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானோர் கையில் எண் போய்விட்டால், இரவு பதினொரு மணிக்கு "ஹாய்" வரத் தொடங்கும். அவர்கள் பேசாமல் இருப்பதைக் கூச்சம் என்று சொல்லிக் குறை காண்பது சரியல்ல. எண்ணை மறைக்க வசதி உள்ள டெலிகிராம், டிஸ்கார்ட் போன்றவற்றில் குழுவை அமைத்தால் பாதித் தொல்லை போகும். பேச்சைப் பல்கலைக்கழக மின்னஞ்சலிலும் விவாதப் பக்கத்திலும் வைத்துக்கொள்ளலாம். குழு நடத்துபவர்கள் ஆண்கள் என்றால் இதை அவர்களே முன்வந்து செய்ய வேண்டும்; யாராவது புகார் சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஆங்கிலம் சரளமாக வராதே என்ற தயக்கத்துக்கு ஒன்று சொல்வேன். எழுத்து வழிப் பேச்சில் யோசித்து, திருத்தி, பிறகு அனுப்ப நேரம் இருக்கிறது. நேருக்கு நேர் பேசும் வளாகத்தைவிட இது சிறிய ஊரிலிருந்து வருபவருக்குச் சாதகமான களம். தமிழ் தெரிந்த வகுப்புத் தோழர்கள் நான்கு பேர் தமிழிலேயே வாராந்தரக் கூட்டம் நடத்தினால் பாடம் இன்னும் ஆழமாக இறங்கும்.

இவ்வளவையும் மாணவர் தலையிலேயே போடுவது நியாயமா என்று கேட்டால், நியாயம் இல்லை. வளாகத்தில் கட்டடம் செய்த வேலையை ஆன்லைனில் நிறுவனம்தான் செய்ய வேண்டும். கட்டணத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. செய்ய முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டும் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னை ஐஐடி 2020-இல் அறிவித்த பி.எஸ். தரவு அறிவியல் படிப்பு இளநிலைப் படிப்பு என்றாலும், அங்கே செய்ததை முதுநிலைப் படிப்புகளும் பின்பற்றலாம். ஆன்லைனில் படிக்கும் மாணவர்களை நீலகிரி, பிச்சாவரம், பந்திப்பூர், காசிரங்கா என்று காடுகளின் பெயர் கொண்ட இல்லங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பேரடாக்ஸ் என்ற விழாவுக்குச் சென்னை வளாகத்துக்கே அழைக்கிறார்கள். ஜார்ஜியா டெக்கில், பாடத்தை நன்றாக முடித்த ஆன்லைன் மாணவர்களும் பட்டம் பெற்றவர்களும் அடுத்த பருவங்களில் தொலைவிலிருந்தே உதவி ஆசிரியர்களாக வேலை செய்கிறார்கள். அந்தப் படிப்பில் இப்போது 10,000 பேருக்கு மேல் படிக்கிறார்கள். அவ்வளவு பேருக்கும் திருத்திக் கொடுக்க ஆட்கள் தேவைப்பட்ட நிர்வாகத் தேவையிலிருந்து வந்த ஏற்பாடு, மாணவர்களை ஆசிரியர்களோடு மாதக்கணக்கில் சேர்ந்து வேலை செய்ய வைத்திருக்கிறது.

ஆகவே அடுத்த சேர்க்கைக்குக் கட்டணம் கட்டும் முன், அந்தப் படிப்பு மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்க வேண்டாம். உதவி எண்ணுக்கு அழைத்து இவற்றையும் கேளுங்கள். ஆசிரியர்களும் வந்து பதில் சொல்லும் விவாதப் பக்கம் உண்டா, இல்லை மாணவர்களாக நடத்தும் வாட்ஸ்அப் குழு மட்டும்தானா? குழு புராஜெக்ட் உள்ள பாடங்கள் எத்தனை? படித்து முடித்தவர்களில் மதுரையிலோ கோவையிலோ இருப்பவர்களைத் தொடர்புகொள்ள, அவர்கள் சம்மதத்தோடு, வழி செய்து தருவீர்களா? நன்றாகப் படிப்பவர்கள் உதவி ஆசிரியராகலாமா, அதற்குச் சம்பளம் உண்டா? எதிர்முனையில் இருப்பவருக்கு விடை தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் கேட்டு மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அந்த மின்னஞ்சல் வந்த பிறகு பணம் கட்டலாம்.